சிவப்பு வட்டமிட்ட புளியமரங்கள்

மனசில் இருப்பதைப் படமாக வரைந்தால் பாரம் குறையும் என்று இப்போது எல்லாச் சேனலிலும் சொல்கிறார்கள். வரைந்த படத்தைப் பிறகு எங்கே வைப்பது என்று அவர்களில் ஒருவராவது சொல்கிறாரா? இல்லை. அப்படி யாரும் சொல்லாததால்தான் நான் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார நேர்ந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். கள்ளக்குறிச்சி தாலுகாவில் நான் சர்வேயர். தகுதிகாண் பருவம் முடியவில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்து நான் வந்த பஸ், சாலையில் வெட்டிப் போட்ட மரங்களுக்கு நடுவே ஒரு பகலும் ஓர் இரவும் நின்றது. முன்னால் மரம், பின்னால் மரம், நடுவில் நான். அதோடு தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டில் விறகு பிளந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். (அரசு ஊழியருக்கு அழகல்ல என்று தெரியும். ஆனால் நடத்தை விதிகளில் தடை இல்லை.)

என் மனைவி வசந்தா, ஊருக்குப் புதிதாக வந்திருந்த மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மாத்திரை தருவார் என்று பார்த்தால் வெள்ளைத்தாளும் பென்சிலும் தந்தார். அந்த இரவு மனசில் எப்படிப் பதிந்திருக்கிறதோ அப்படியே வரையச் சொன்னார்.

வரைந்தேன். சாலை, ஓரத்துப் புளியமரங்கள், விழுந்து கிடந்தவை, ஒரு மதகு, மரத்துக்கு மரம் இடைவெளி மீட்டரில், மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. மருத்துவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதுல உங்க உணர்ச்சி எங்க சார் இருக்கு?"

குறியீட்டு விளக்கத்தில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் பெருமூச்சுவிட்டுச் சிவப்புப் பென்சிலை நீட்டினார். எது பயமுறுத்துகிறதோ அதற்கு வட்டம் போட வேண்டுமாம், படத்தை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டுமாம். விழுந்த மரம் இனி என்ன செய்யும்? நிற்கிற மரம்தானே பயம். நின்றவற்றுக்கெல்லாம் வட்டம் போட்டேன்.

மறுவாரம் கல்வராயன் மலையில் அளவைப் பணி. அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸார் பைகளைச் சோதித்தார்கள். என் பையில் அந்தப் படம்: வெட்டிய மரங்கள், வெட்டாத மரங்களுக்குச் சிவப்பு வட்டம், இடைவெளி மீட்டரில். இதைவிடத் தெளிவான சதித்திட்டத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இன்னாய்யா இது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"சிகிச்சை சார்."

"யாருக்கு, மரத்துக்கா?"

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அரசு ஊழியர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். தகுதிகாண் பருவத்தில் இருந்த எனக்கு வேலையே போய்விடும். இதையும், என்னைப் பிடித்தால் என் அலுவலகத்துக்கு அவர் தகவல் தரவேண்டிய முறையையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் ரைட்டர் பக்கம் திரும்பினார்.

"சட்டமெல்லாம் கரைச்சிக் குடிச்சிகினுதான் கெளம்பிக்கிறான். தலைவனே இவன்தான் போல."

மறுநாள் மதியம் வசந்தா மருத்துவரோடு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தாள். ஓவியம் மனசை எப்படித் திறக்கிறது என்று மருத்துவர் விளக்க விளக்க, சப்-இன்ஸ்பெக்டருக்கு அவர் மீதும் சந்தேகம் வந்துவிட்டது. இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று வசந்தாவே முன்னால் வந்தாள்.

"சார், அவரு கையில ஒரு தாளக் குடுத்து என்னிய வரையச் சொல்லுங்க. அப்புறம் நீங்களே வுட்டுடுவீங்க."

வரைந்தேன். மனசு முழுக்க நன்றிதான். கைதான் வேறு இலாகா. சப்-இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், வசந்தாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை நீளம், இடுப்பில் அகலம், மூக்குத்தி இருந்த இடத்தில் எல்லைக்கல், மூலையில் வடக்கு.

"கூட்டிகினு போயிடும்மா," என்றார் தணிந்த குரலில். "இவருக்குப் பொண்டாட்டியும் புறம்போக்கும் ஒண்ணுதான். இவராவது, சதி பண்றதாவது."

அன்று வீட்டுக்கு வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். பெஞ்சில் விழித்திருந்த களைப்பு, வேறென்ன? மருத்துவரோ தன் சிகிச்சை பலித்துவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தப் படத்தை வசந்தா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். விருந்தாளி வந்தால் போதும், "அம்மா எந்தத் திசையப் பாத்து நிக்கிறாங்கப்பா?" என்று என் மகன் ஆரம்பித்துவிடுவான். வசந்தாவுக்கு அந்த இடுப்பளவில்தான் ஆட்சேபம். மறு அளவை வேண்டுமாம். ஆட்சேபம் தெரிவிக்கும் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"அளவுச் சங்கிலி புடிக்காம கண்ணால பாத்து எழுதின அளவு செல்லாதுங்க," என்கிறாள்.

விதிப்படி அவள் சொல்வது சரி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.