கைகட்டி மாஸ்டர்

காலை ஆறேகால் மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கப் படி இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டவை, முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த இரண்டு கைகள். கைகளுக்கு உரியவர் கீழ்வீட்டு வாசலில் நின்று, வின்சென்ட் ஷூ லேஸோடு போராடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனியவில்லை.

உதவி செய்யாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர் சென்னையிலேயே அவர் ஒருவர்தான். அரசு அலுவலகங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சாந்தோமில் எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர் கைகட்டி மாஸ்டர். சைதாப்பேட்டைக்காரர். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் குளிக்க, உடுத்த, டீ போட, பஸ் ஏறக் கற்றுத் தருவது அவர் வேலை. வின்சென்ட்டுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை அவன் லேஸைக் கட்டியவர் அவன் அம்மா, ஓய்வுபெற்ற பிலோமினா டீச்சர்.

"மாஸ்டர், பூசைக்கு நேரமாச்சு. ஒரு பட்டன்தானே, நான் போட்டுர்றேன்" என்றார் டீச்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"சட்டை யாருது டீச்சர்?"

"அவனோடதுதான்."

"அப்ப பட்டனும் அவனுது. உடுங்க."

ஒரு பட்டன் மாறிய சட்டையோடு வின்சென்ட் மாதா கோயிலுக்குப் போனான். பின்வரிசைப் பெண்கள் அத்தனை பேருக்கும் கை துறுதுறுத்தது. விபூதி நெற்றியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டர், நீண்ட கைகளைக் கண்ணாலேயே திருப்பி அனுப்பினார். சாமியார் நரகத்தை விவரித்துக்கொண்டிருந்தபோது வின்சென்ட் குனிந்து பார்த்தான். எல்லாப் பட்டனையும் கழற்றினான். மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டான்.

"சூப்பர் மச்சி!" என்று கத்தினார் மாஸ்டர்.

சாமியார் நரகத்தை அத்தோடு முடித்துக்கொண்டார்.

இந்தக் கொள்கையை அவர் வின்சென்ட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் என் பைக் கிளம்பவில்லை. சட்டை நனையும்வரை உதைத்தேன். பக்கத்தில் மாஸ்டர், கைகள் பின்னால். கடைசியில் கைப்பிடியிலிருந்த சிவப்பு சுவிட்ச் அணைந்திருந்ததைக் கண்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்தப்பவே பாத்துட்டேன் சார்."

"சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நாளைக்கும் மறப்பீங்க."

மறுநாளும் மறந்தேன். அன்றும் அவர் சொல்லவில்லை.

பிறகு டீச்சரின் முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த மகள் ஸ்டெல்லா, தம்பிக்குப் பெருங்குடியில் ஒரு விடுதியில் இடம் பேசி வைத்திருந்தாள். அங்கே போனால் அவன் திரும்பி வருவானா என்று டீச்சர் கேட்டார். ஒரு காலைப்பொழுதை அவன் தனியாகச் சமாளித்துக் காட்டினால் பெருங்குடியை விட்டுவிடுவதாக மட்டும் ஸ்டெல்லா ஒப்புக்கொண்டாள்.

சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முதலில் பல் தேய்க்கும் படலம். பிரஷ்ஷில் பேஸ்ட் ஏற்கெனவே இருந்தது. மாஸ்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தார். வின்சென்ட் பிரஷ்ஷைக் கழுவிவிட்டு வேறு பேஸ்ட் வைத்தான்.

குளியல் முடிந்தது. பட்டன்கள் சரியாக விழுந்தன. அடுத்து டீ. அடுப்பைத் திருகி லைட்டரை அழுத்தினான். பற்றவில்லை. மறுபடி அழுத்தினான்.

"கேஸ் வாசனை வருதும்மா!" ஸ்டெல்லா முன்னால் பாய்ந்தாள். டீச்சர் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார். வின்சென்ட் கேஸை மூடினான், ஜன்னலைத் திறந்தான், சற்று நின்றான். மறுபடி லைட்டரை எடுத்தான்.

நான் மாஸ்டருக்குப் பின்னால் நின்றிருந்தேன். வின்சென்ட் லைட்டரை அழுத்தும்போதெல்லாம், முதுகுக்குப் பின்னால் அவருடைய கட்டைவிரலும் காற்றில் அழுத்திக்கொண்டிருந்தது. அடுப்பு பற்றியதும் விரல் நின்றது.

டீ வந்தது. ஸ்டெல்லா ஒரு வாய் குடித்தாள். "டேய், சக்கரை?"

"டப்பா அங்க இருக்கு. நீயே போட்டுக்கோ" என்றான் வின்சென்ட்.

அன்றே அவள் பெருங்குடிக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்றாள்.

டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மாஸ்டருக்கு எங்கள் தெருவில் வேலை இல்லை. ஆனாலும் காலையில் கீழ்வீட்டில் லைட்டர் சத்தம் கேட்கும்போது அவர் எங்கள் மாடிப்படியில் நின்றிருந்தார். கீழே இறங்கவில்லை.