கண்மூடி எடுத்த தீபாவளித் துணி

அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே புதுச்சட்டை போட்டுக்கொண்டு நடமாடிய எந்த ஆம்பளையும் கண்மூடியின் கையிலிருந்து தப்பியதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடிப்பான், கண்ணை மூடுவான், அப்படியே எங்கோ போய்விடுவான். திரும்பி வர இரண்டு ஸ்டாப் ஆகும். வந்ததும், துணி எத்தனை துவைப்புத் தாங்கும், முதலில் எங்கே கிழியும் என்று சட்டைக்காரரிடம் மரியாதையாகச் சொல்வான். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் அறைந்தே விட்டார். அதற்கும் அவன் கண் திறக்கவில்லை.

அவனுக்குச் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சைக்கிள் பாகம் செய்யும் கம்பெனியில், ஸ்டோர்ஸில், நானும் அவனும் சேர்ந்து போல்ட்டும் நட்டும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அவன் அப்பா முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டியவர். வீட்டில் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு துணிதான். அந்த ஒன்று ஏமாற்றிவிடக் கூடாதே என்ற கவலையில் வந்த விரல் அது.

பருத்திப்பட்டில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போனவன், பெண் வீட்டார் எடுத்துத் தந்த சட்டையைப் பிடித்துவிட்டான். ஒரு தண்ணிக்கு அப்புறம் இது உங்கள் மச்சினனுக்குத்தான் ஆகும் என்றான். நாங்கள் சாப்பிடாமலே திரும்ப வேண்டியதாயிற்று. பத்து நாள் கழித்து அந்த ஒல்லிப்பிச்சான் மச்சினனை சினிமா கியூவில் பார்த்தோம். அதே சட்டை. கனகச்சிதமாக இருந்தது.

கம்பெனியில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பிய சமயம், பட்டணத்தில் ஒரு பெரிய கடை பேப்பரில் விளம்பரம் செய்திருந்தது. ஊசி முதல் கட்டில் வரை ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை. துணிப் பிரிவுக்குச் சரக்கு பார்த்து வாங்க ஓர் ஆள் தேவை. ஓர் ஆள்தான். இருவரும் மனு போட்டோம். இருவருக்கும் இன்டர்வியூ வந்தது.

முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். முதலாளி கேட்டது ஒரே கேள்வி: தீபாவளிக்கு என்னென்ன துணி வாங்குவாய்? கண்மூடி மேஜையில் கிடந்த ஒரு துணியைத் தொட்டான். கண்ணை மூடினான். போய்விட்டான். ஃபேன் சுற்றியது, கடிகாரம் நகர்ந்தது, அவன் வரவில்லை. மயக்கம் போலிருக்கிறது என்று பியூனைக் கூப்பிட்டுக் கைத்தாங்கலாக வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் கண் திறந்தான்.

"மச்சான், நம்ம எஸ்டேட் ஆளுக்குக் கையில கருப்பு போவாது. வெள்ளை எடுத்தா மத்தியானத்துக்குள்ள பாழு. பழுப்புல கட்டம் போட்டது எடுக்கணும். பொட்டப் புள்ளைங்க கவுனுக்கு ஒரு பை வெச்சுட்டா, சாயங்காலம் வரைக்கும் கயட்டாதுங்க. அப்புறம் மேஜை மேல ஒரு செவப்புத் துணி கீது பாரு, அது சாயம் வுடும்."

"இதை உள்ளே சொன்னியா?"

"இப்பதான் மச்சான் அந்தத் துணியோட தெரு முயுக்க நடந்துட்டு வரேன்."

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய், அவன் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் என் யோசனை போலச் சொன்னேன். சிவப்புத் துணியின் முனையை முதலாளியின் டம்ளரில் நனைத்துக் காட்டினேன். தண்ணீர் செம்பருத்தி நிறமாயிற்று. அடுத்த வாரமே வேலைக் கடிதம் வந்தது.

நாலு நாள் அதை ஒளித்து வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பினான்.

"கவுனுக்குப் பை வெக்கிறது சொன்னியா?"

"சொன்னேன்."

"அவரு இன்னா பண்ணாரு?"

"எழுதிக்கிட்டார்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அதன் பிறகு அவன் கேட்டது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பிள் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவர விடுவார்களா?

விட்டார்கள். ஞாயிறு தோறும் என் அறைப் பாயில் துணிகளைப் பரப்புவேன். அவன் தொட்டுத் தொட்டு ஊர் சுற்றிவிட்டு வந்து சொல்வான். திங்கட்கிழமை நான் ஆர்டர் எழுதுவேன். அந்தத் தீபாவளிக்குக் கடையில் ஒரு முழம்கூட மிஞ்சவில்லை. முதலாளி எல்லோர் எதிரிலும் என்னைப் பாராட்டினார். அதே வாரம் ஆட்குறைப்புப் பட்டியலில் கண்மூடியின் பெயர் வந்தது.

மறுநாள் முதலாளி அறைக்குப் போனேன். துணி பார்த்தது நானில்லை என்று ஆரம்பித்து, வராந்தா வரை சொல்லி முடித்தேன். வேலை போனது என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த மயக்கம் போட்ட ஆளா?"

"மயக்கம் இல்லைங்க. கொஞ்சம் காத்திருந்தா பதில் வந்திருக்கும்."

"நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. காத்திருந்து பாக்குறேன்."

முக்கால் மணி நேரம் காத்திருந்தாராம்.

அடுத்த மாதம் என் மேஜைக்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டார்கள். பதினோரு வருஷம் அந்தக் கடையில் வேலை பார்த்ததாக என் சர்டிபிகேட் சொல்கிறது. எனக்கு வேலை பார்த்த ஞாபகம் இல்லை. தினமும் ரயிலேறிப் போய் அவனோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.