வண்டியில் கரண்டுத் திருடன்

“அந்த வண்டியிலயா? ஏழு மணிக்கே லைட்டு படுத்துக்குமாம்ப்பா!”

டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது, செருப்புக்கடை அக்பர் அலியின் காதில் விழுந்தது. அதற்குமேல் டீ இறங்கவில்லை.

அந்த வண்டி, ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போகிற குட்டி வீடு. உள்ளே மெத்தை, விளக்கு, ஃபேன். கூரையில் சோலார் தகடு, அடியில் பேட்டரி. கல்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விட அவரே செய்தது. நாளைக்குத்தான் முதல் சவாரி. மலையில் போய் இருண்டுவிட்டால் அப்புறம் ஒரு ஆள் எட்டிப்பார்க்காது.

பேட்டரிக் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றினால் ஒரு ராத்திரி ஜோராக எரியும். மறுநாள் செத்துவிடும். தினமும் இருட்டிய பிறகு டார்ச்சும் மீட்டருமாக உட்கார்ந்து ஃபியூசை மாற்றினார், ஒயரை மாற்றினார். கடைசியில் பக்கத்து வீட்டுக் கண்ணாயிரத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. பேட்டரிப் பெட்டியில் ரகசியமாக நூல் கட்டிவைத்தார். நூல் அறுபடவில்லை. திரும்பக் கட்டிவிட்டுப் போகிற அளவுக்குக் கெட்டிக்காரன்!

“மெஹ்ராஜ், கண்ணாயிரம் நம்ம வண்டிகிட்ட வந்தானா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“வந்தாருங்க. ஆட்ட ஓட்டிக்கினு போனாரு.”

“ஆடா? நல்ல சாக்குதான்!”

அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து, வண்டிக்குள் ஒளிந்தார். தலைக்கு மேலே சரசரவென்று சத்தம். பாய்ந்து வெளியே வந்தார்.

வண்டியை ஒட்டியிருந்த மாடிப்படியில் நின்றபடி மெஹ்ராஜ் பேகம், சோலார் தகட்டின் மேல் துணி விரித்துக் கூழ்வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி பண்ற? வெயில்லதான்டி பேட்டரி ஏறும்!”

“வெயில்லதாங்க வத்தலும் காயும்.”

“அதுக்கு என் தகடுதான் கெடச்சுதா?”

“நல்லா சுடுது. நாய் ஏறாது. காக்கா வந்தா வழுக்கிக்கினு போவுது. நீங்க வர்றதுக்குள்ள சாயங்காலமே எடுத்துடுவேன், உங்களுக்கு எதுக்கு தொந்தரவுன்னு.”

“மொட்டமாடில போடேன்!”

“அங்க காக்காவ யாரு வெரட்டுறது? உங்கள ஒரு நாள் குந்தச் சொன்னேன். கடைய எவன் பாப்பான்னீங்க.”

“நாளைக்கு சவாரி இருக்குது. மொதல்ல எடு!”

“எடுக்கறேங்க. இன்னிக்குதான் கடைய சாத்திட்டீங்களே.”

மதில் பக்கமிருந்து ஒரு முறம் நீண்டது. கண்ணாயிரத்தின் மனைவி பெரியநாயகி.

“அண்ணே, மாடிக்குத்தான போறீங்க? நம்ம வூட்டு மொளகாயயும் கொஞ்சம் பாத்துக்குங்க.”

அக்பர் அலி முறத்தை ஒரு கையிலும், மெஹ்ராஜ் நீட்டிய காக்கா விரட்டும் குச்சியை மறு கையிலும் வாங்கிக்கொண்டு படி ஏறினார்.