பிடுங்கி நட்ட கோப்பை

திருக்காட்டுப்பள்ளி உரக்கடை சேரன் மீசையைத் தொட்டு ஒன்று சொன்னால், கடைத்தெருவே நம்பும். அப்பேர்ப்பட்ட மீசையை அவன் போயும் போயும் ஒரு கக்கூஸ் கோப்பைக்காகப் பணயம் வைத்தான்.

பழைய ரோட்டின் தலையிலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, அவன் வீடு பள்ளமாகிவிட்டது. ஒரு தூறல் போதும், தெருத் தண்ணீர் வாசலில் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே பாத்ரூமுக்குள் வந்துவிடும். பாத்ரூம் தரையை அரையடி ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

"தரையோட கோப்பையையும் கழட்டி, அடியில பைப்பை நீட்டி, மேல தூக்கி மாட்டணும்ங்க" என்றாள் மனைவி கனிமொழி.

"எதுக்கு? இறுகி உக்காந்திருக்கிறதை ஏன் அசைக்கணும்? சுத்தி ஜல்லியைக் கொட்டி டைல்ஸைப் போட்டா முடிஞ்சுது."

"நாத்தைப் பிடுங்கித்தானே நடுறோம்?"

"அதெல்லாம் பழசு கனி. இப்ப நேரடி விதைப்பு. பிடுங்குற வேலையே கிடையாது!"

"நெல்லு வளரும். கோப்பை வளருமா?"

கொத்தனார் வீரையன் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சேரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தக் கோப்பையைக் கழட்டினா நான் மீசையை எடுத்துடுறேன்!"

"சரிங்க" என்றாள் கனிமொழி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் 'சரிங்க' சொன்ன எந்தக் காரியமும் அவன் நினைத்தபடி முடிந்ததில்லை. பாவம், அந்த நேரம் பார்த்து அது அவன் நினைவுக்கு வரவில்லை.

டைல்ஸ் பளபளத்தது. கோப்பை மட்டும் முழங்கால் தண்ணீரில் நிற்கிற எருமையைப் போலப் பாதிதான் தெரிந்தது. உட்கார்ந்தால் முட்டி இரண்டும் காதை அடைத்தன. எழுந்திருக்கக் குழாயைப் பிடித்தான். குழாய் கையோடு வந்தது.

"எப்படிங்க இருக்கு?" வெளியிலிருந்து கனிமொழி.

"ஜம்முனு இருக்கு!" என்றான், நனைந்துகொண்டே.

மறுவாரம் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஆடிப்பெருக்குக்கு மன்னார்குடி அண்ணி வராங்களாம்."

மன்னார்குடி அண்ணி என்றால் அவனுடைய சொந்த அக்கா. அக்காவுக்கு முட்டியில்தான் வலி, வாயில் ஒரு வலியும் கிடையாது.

"அவங்க உடம்புக்கு அதுல உக்காந்தா, தீபாவளிக்குத்தான் எந்திரிப்பாங்க. கோப்பை இப்படித்தான்னு நீங்களே அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க. நான் வெள்ளிக்கிழமை பட்டுக்கோட்டைக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டு, ஞாயித்துக்கிழமை வந்துடுறேன்."

அவள் பஸ் ஏறியதுதான் தாமதம், சேரன் வீரையனுக்கு போன் போட்டான்.

"அண்ணே, உடனே வாங்க. கோப்பையைக் கழட்டி மேல தூக்கி மாட்டணும். கனிக்கு மட்டும் தெரியவே கூடாது!"

"அடடா, தெரியலாமா தம்பி!"

தேடினாலும் கிடைக்காத வீரையன், அன்று சொல்லி வாய் மூடுமுன் வந்து நின்றார். கையில் சரியான அளவுக்கு வெட்டிய பைப் வேறு. நம்ம ராசியே ராசி என்று சேரன் பூரித்துப்போனான். சிமெண்ட் இறுகும்வரை அடுத்த வீட்டுப் பரிதியின் கதவைத் தட்டித் தட்டி மானம் போனது. போகட்டும், மீசை இருக்கிறதே!

ஞாயிறு வந்தாள் கனிமொழி. பாத்ரூமுக்குள் போனாள். வந்தாள்.

"உசந்த மாதிரி தெரியுதே?"

"புதுத் தரை இல்லையா? காய்ஞ்சதும் அமுங்கிடுச்சு. அதான் கோப்பை மேல தெரியுது. நான் அன்னைக்கே சொன்னேன்ல?" சேரன் மீசையை முறுக்கினான்.

"ஓஹோ, அமுங்கிடுச்சா!" என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

"அக்கா என்னைக்கு வருது?"

"அண்ணியா? இந்த வருஷம் வரலைன்னு போன மாசமே சொல்லிட்டாங்களே!"

முறுக்கிய விரல் மீசையிலேயே நின்றது. வெட்டித் தயாராக வந்த அந்த பைப் இப்போதுதான் அவன் கண்முன் வந்தது.

"ஏங்க, அடுப்படித் தரையும் பள்ளமாத்தான் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வீரையன் அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"அடுப்படியை ஏத்த நான் ஒத்துக்கவே மாட்டேன்! மீசையை..."

"சும்மா சத்தியம் பண்ணுங்க. மீசைக்கு ஒண்ணும் ஆகாது, நான்தான் அன்னைக்கு ஊர்லயே இருக்க மாட்டேனே!"