நேற்றைய ஆட்டத்துக்கு இன்றைய வேண்டுதல்

பக்திக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றால் நம் ஆட்கள் உடனே புராணத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் ஓட வேண்டாம். நியூ ஜெர்சி, மான்மவுத் ஜங்ஷன், ரூட் ஒன்றிலிருந்து உள்ளே திரும்பினால் நாலாவது வீடு. அங்கே குடியிருக்கும் திருவாளர் நஞ்சுண்டன், 1999ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பேஸ்பால் அணியின் மேல் வைத்த பக்தியை இந்தப் பூமியில் எவரும் எதன் மேலும் வைத்ததில்லை. சும்மா சொல்லவில்லை. அந்த பக்தியில் எனக்கும் ஒரு கால் அளவுக்குப் பங்கு உண்டு.

வருகிற பொங்கல் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதென்று தமிழ்ச் சங்கச் செயற்குழு "ஏகமனதாக"த் தீர்மானித்திருக்கிறது. ஏழு பேரில் மூன்று பேர் வந்திருந்தார்களாம். விழா மலருக்கு வாழ்த்துரை எழுத என்னைக் கேட்டார்கள். அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்தானாம். அது உண்மை. எனவே எழுதுகிறேன்.

அணியின் பெயர் மில்ஸ்டோன் ஹெரன்ஸ். ஹெரன் என்றால் கொக்கு. சின்ன ஊர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன லீக். பெரிய அணிகள் வேண்டாமென்று விட்டவர்கள் எல்லாம் அதில் ஆடுவார்கள். கொக்குகளின் தனிச்சிறப்பு என்னவென்றால், அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. திங்கட்கிழமை முதலிடத்தில் இருக்கும் அணியைப் பதினான்குக்கு ஒன்று என்று துவைத்துக் காயப்போடுவார்கள். செவ்வாய்க்கிழமை கடைசி இடத்தில் கிடப்பவர்களிடம் போய் அதே அடியை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். லட்டு மாதிரி வருகிற பந்தை "நீங்க பிடிங்க", "இல்ல, நீங்க பிடிங்க" என்று இரண்டு பேர் மரியாதை பார்த்து நடுவில் விழவிடுவார்கள்.

ஈரோட்டுப் பக்கத்துக்காரரான நஞ்சுண்டனுக்கு அதுவரை கிரிக்கெட்தான் தெரியும். கிரிக்கெட் கிடைக்காத ஊரில், பந்தும் கட்டையும் தெரிந்த முதல் சேனலில் அவர் நின்றுவிட்டார். உள்ளூர் கேபிள் சேனல் அது. அவர்களுக்கு நேரடி ஒளிபரப்பு செய்ய வசதியில்லை. நேற்று நடந்த ஆட்டத்தை டேப்பில் பிடித்து இன்று மாலை ஆறு மணிக்குப் போடுவார்கள். இது நஞ்சுண்டனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் குறையாததால்தான் அதை பக்தி என்கிறேன்.

நான் அந்த வீட்டுக்குள் போனது ஏப்ரல் கடைசியில், கடன் வாங்கிய குக்கர் வெயிட்டைத் திருப்பிக் கொடுக்க. வாசலில் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு, அடுத்ததைக் கழற்றக் காலைத் தூக்கினேன். அந்த விநாடியில் ஒரு கொக்கு அடித்த பந்து மைதானத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

"தம்பி! அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று ஒரு குரல் அலறியது.

"அண்ணா, கால்..."

"காலைக் கீழ வெச்சீங்க, அவ்வளவுதான், சொல்லீட்டன்!"

நின்றேன். மேலும் மூன்று ரன் வந்தது. கொக்குகள் ஜெயித்தார்கள். நஞ்சுண்டன் எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒத்தக் கால்ல நிக்கறாப்ல பாரு ஜலஜா. கொக்கு! சாட்சாத் கொக்கேதான்! தம்பிக்குச் சோத்தைப் போடு."

ஊரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தச் சட்டம் தெரியும். நாலு விக்கெட் விழுந்தபின் ஒரு ஜோடி நின்று ஆடினால், பார்க்கிறவன் எவனும் கால் மாற்றி உட்காரக்கூடாது. பாத்ரூமுக்கு எழுந்தவன் குலத்துரோகி. நஞ்சுண்டன் இந்தச் சட்டத்தை ஒரு வரி மாற்றாமல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்திருந்தார். இமிக்ரேஷனில் யாரும் தடுக்கவில்லை.

மறுநாளே ஃப்ரிட்ஜ் கதவில் சுற்றறிக்கை ஏறியது. அவர் மனைவி ஜலஜா அக்கா சமையல் மேடையில் டிவிக்கு முதுகைக் காட்டிச் சின்ன வெங்காயம் உரிக்க வேண்டும். ஒருமுறை அவர் திரும்பிப் பார்த்ததில் இரண்டு பேர் அவுட். எட்டு வயது மகள் வெண்பா சோபாவில் தலைகீழாகக் கிடக்க வேண்டும். "மேற்படி ரஞ்சித்குமார்", அதாவது நான், வாசலருகே ஒரு ஷூவோடு, ஒரு காலில், வலது கையில் குக்கர் வெயிட்டுடன். வீட்டில் ஆங்கிலப் பேப்பர், ரேடியோ, "யாரு ஜெயிச்சாங்க" என்ற பேச்சு, மூன்றும் தடை.

"அப்பா, திஸ் இஸ் யெஸ்டர்டேஸ் கேம். இட்ஸ் ஓவர்," என்றாள் வெண்பா, தலைகீழாக.

"நீ சும்மா கெட கண்ணு."

"அண்ணா, குழந்தை சொல்றது கரெக்ட்தானே?" என்றேன். "ரிசல்ட் காலைலயே பேப்பர்ல வந்திருக்குமே?"

"நீங்க பேப்பர் பாத்தீங்களா?"

"இல்ல."

"நான் பாத்தனா?"

"இல்ல."

"அப்பறம் எப்படி முடிஞ்சிருச்சுங்கறீங்க? ஏன் தம்பி, நீங்க பிளஸ் டூ பரீட்சை எழுதிப்போட்டு, ரிசல்ட்டுக்கு மொத நாள் கோயிலுக்குப் போனீங்களா, இல்லீங்களா?"

"போனேன். நூத்தியெட்டுத் தேங்காய்."

"பேப்பரெல்லாம் திருத்தி மார்க் போட்டு முடிச்சதுக்கு அப்பறம்தானே ஒடச்சீங்க? பாஸ் ஆனீங்களா இல்லையா?"

பாஸ் ஆனேன். இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். நானும் நஞ்சுண்டனும் இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகவே இந்த நாட்டுக்கு வரவழைக்கப்பட்டவர்கள். அந்த வேலையில் அவர் என்னைவிட மூன்று படி சீனியர்.

இந்த இடத்தில் என்னுடைய எளிய பங்களிப்பையும் தன்னடக்கத்தோடு சொல்லிவிடுகிறேன். நான் அப்போது மூன்று பேச்சிலர்களோடு ஓர் அபார்ட்மென்டில், டார்ட்டியா என்கிற மெக்சிகோ ரொட்டியைச் சப்பாத்தி என்று நம்பி ஊறுகாயோடு உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன். நஞ்சுண்டன் வீட்டிலோ, கொக்கு ஜெயித்த நாளில் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், பக்கத்தில் கோழிக் குழம்பு. ஆட்டம் முடிந்த மறுநிமிடம் தட்டு வந்துவிடும். தோற்ற நாளில் உப்புமா. இரண்டாவது முறை போனபோது கொக்குகள் பதினொரு ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். உப்புமாவைப் பார்த்தபோதுதான் எனக்கு ஞானம் பிறந்தது.

அடுத்த நாளிலிருந்து காலையில் ஆபீஸ் கேன்டீனில் பேப்பரைப் புரட்டுவேன். விளையாட்டுப் பக்கத்தின் கடைக்கோடியில், கார் டயர் விளம்பரத்துக்குக் கீழே, கொக்குகளின் முடிவு இரண்டு வரியில் இருக்கும். ஜெயித்திருந்தால் மாலை ஐந்தே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் ஒரு ஷூவைக் கழற்றியிருப்பேன். தோற்றிருந்தால் வேலை அதிகம். ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரனும் அறைத்தோழனுமான சுபினுக்கு இதற்கென்று பயிற்சி கொடுத்தேன்.

"நஞ்சுண்டன் வீட்லேர்ந்து யார் கூப்பிட்டாலும் நான் டிப்ளாய்மென்ட்ல இருக்கேன்னு சொல்லிடு."

"டிப்ளாய்மென்ட்னா என்னன்னு கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க மச்சி. அந்த வார்த்தையைக் கேட்டாலே மரியாதையா போனை வெச்சிடுவாங்க."

ஆகஸ்ட் முடிவில் என் கணக்கு: அந்த உப்புமா நாள் தவிர, போனது இருபத்தாறு, ஜெயித்தது இருபத்தாறு. நஞ்சுண்டன் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவதை நிறுத்தி, "ராசிக்காரரே" என்று ஆரம்பித்தார். புகழ் பரவியது. சந்தானம் என்றொருவர் விசா ஸ்டாம்பிங்குக்குப் போகுமுன் என்னைத் தம் பார்க்கிங் லாட்டில் ஒரு நிமிடம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். அவருக்கு ஸ்டாம்ப் கிடைத்தது. கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிறவனைக் கேலி செய்வார்கள். நான் வைத்த வெண்ணெய் கோழிக் குழம்பாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

செப்டம்பரில்தான் சனி பிடித்தது. என் புராஜெக்ட் மாத முடிவோடு முடிகிறது என்றார்கள். அடுத்த வேலை இல்லையென்றால் பெஞ்சு, அதாவது புராஜெக்ட் இல்லாமல் சும்மா காத்திருப்பது. பெஞ்சு நீண்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர். நல்ல காலமாக, கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் ஒரு கம்பெனி போனிலேயே மூன்று இன்டர்வியூ வைத்தது. சேர்ந்த நாளிலேயே கிரீன் கார்டு அப்ளை பண்ணுவதாகச் சொன்னார்கள். ராத்திரி படுத்தால் எனக்கு அந்த ஊர்தான் கண்ணில் நின்றது. முடிவை வியாழக்கிழமைக்குள் போனில் சொல்வதாக ஏற்பாடு.

எங்கள் அபார்ட்மென்ட் போன் எப்போதும் எங்கேஜ்ட். இன்டர்நெட், இல்லாவிட்டால் எவனாவது ஒருவனின் வருங்கால மனைவி. ஆபீஸ் நம்பரைக் கொடுத்தால் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். அதனால் நஞ்சுண்டன் வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தேன். அவர்கள் வீட்டில் ஆன்சரிங் மெஷின் உண்டு. புதன்கிழமை நஞ்சுண்டனின் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"போன் ஏதாவது வந்துதாண்ணா?"

"வந்தாச் சொல்ல மாட்டனுங்களா ராசிக்காரரே? வெள்ளிக்கெழம ஃபைனலு. மறந்துராதீங்க!"

ஆமாம், ஃபைனல். எப்படியோ விழுந்து புரண்டு கொக்குகள் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். வியாழக்கிழமையும் கேட்டேன், அதே பதில். கம்பெனிக்கு நானே கூப்பிட்டுவிடலாமா என்று சுபினிடம் ஆலோசனை கேட்டேன். "சேச்சே, நாமளா கூப்பிட்டா ரொம்ப தேவைல இருக்கோம்னு தெரிஞ்சிடும்டா. பொறு," என்றான். அறிவாளி.

வெள்ளிக்கிழமை காலைப் பேப்பரில், டயர் விளம்பரத்துக்குக் கீழே: ஹெரன்ஸ் 0, எதிரணி 9. சாதாரண நாளாக இருந்திருந்தால் நான் டிப்ளாய்மென்டுக்குப் போயிருப்பேன். ஆனால் என் வாழ்க்கை அந்த ஆன்சரிங் மெஷினில் இருந்தது. வாசலில் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று போனேன். கதவைத் திறந்த நஞ்சுண்டன் என் கையில் குக்கர் வெயிட்டை வைத்து அழுத்தினார்.

"அண்ணா, மெசேஜ் எதாவது..."

"மொதல்ல காலைத் தூக்குங்க!"

தூக்கினேன். முதல் இன்னிங்ஸில் மூன்று ரன் போனது. "இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க," என்றார். நாலாவதில் ஆறு ஆனது. கையை மாற்றச் சொன்னார். ஷூவை மாற்றச் சொன்னார். ஏழாவதில் ஒன்பது. நஞ்சுண்டன் மெல்ல எழுந்தார். முகம் இருண்டிருந்தது.

"இதுக்காய்யா?" என்றார். "இதுக்காகவா உன்னையக் கலிஃபோர்னியாவுக்கு உடாம வெச்சேன்?"

என் கால் தானாகக் கீழே இறங்கியது.

"என்ன சொன்னீங்க?"

"செவ்வாக்கெழம போன் வந்துச்சு. வேல உனக்குத்தானாம். வியாழக்கெழமைக்குள்ள திருப்பிக் கூப்பிடோணுமாம். ஃபைனல் முடியட்டும், அப்பறம் சொல்லலாம்னு அழிச்சுப்போட்டேன். நீ போயிட்டா யாரு நிப்பாங்க? சொல்லு, யாரு நிப்பாங்க?"

குக்கர் வெயிட்டைக் கீழே போட்டேன். "யோவ்! இந்த மேட்ச் நேத்தே தோத்தாச்சுய்யா! காலைலயே பேப்பர்ல பாத்தேன். அஞ்சு மாசமா பாத்துட்டு இருக்கேன். ஜெயிச்ச அன்னிக்கு மட்டும்தான் இங்க வந்தேன். சோத்துக்கு!"

நஞ்சுண்டன் சோபாவில் உட்கார்ந்தார். இருபத்தாறு வெற்றிகளும் ஒவ்வொன்றாக அவர் முகத்திலிருந்து உதிர்ந்தன. பாவமாகத்தான் இருந்தது. எனக்கு என்னைப் பார்த்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

ஜலஜா அக்கா வெங்காயத் தட்டை வைத்துவிட்டு, அந்த சீசனில் இரண்டாம் முறையாகத் திரும்பினார்.

"ஏனுங்க, மேட்ச் ஆறு மணிக்கு ஆரம்பிக்குது. கோழி அஞ்சு மணிக்கே அடுப்புல கொதிக்குது. தோத்த அன்னிக்கு மட்டும் ரவைய வறுத்து வெச்சிருக்கேன். எப்படி இவளுக்கு முன்னாடியே தெரியுதுன்னு ரெண்டு பேருல ஒருத்தராச்சும் கேட்டீங்களா? பக்கத்து வீட்டுப் பேப்பரைத் தெனமும் காலைல நானும்தான் பாக்கறேன்."

"அப்போ நான் பண்ணினது உங்களுக்கு..."

"மே மாசமே தெரியும். தனியா இருக்கற பையன், சாப்பிட்டுப் போகட்டும்னு உட்டேன்."

"போன் வந்தது தெரியுமா அக்கா?"

"தெரியும். இவரு அழிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன். உங்காபீசுக்குச் செவ்வா, புதன், வியாழன் மூணு நாளும் கூப்பிட்டேன். மூணு நாளும் அந்த சுபின் தம்பி, நீங்க டிப்ளாய்மென்ட்ல இருக்கீங்கன்னுச்சு. சரின்னு, கம்பெனி பேரு, நம்பரு எல்லாத்தையும் அதுகிட்டயே குடுத்தேன். ஒண்ணு உடாம எழுதிக்கிச்சே, சொல்லலையா?"

சொல்லவில்லை.

"ஸோ நோபடி வாஸ் வாட்சிங் த கேம்?" என்றாள் வெண்பா. அவள் நேராக உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்றைக்கு உப்புமா. நாலு பேரும் சாப்பிட்டோம். இரண்டு வாரம் கழித்து சுபின் சூட்கேஸ் கட்டினான். எங்கேடா என்று கேட்டேன். "டிப்ளாய்மென்ட்," என்றான். சான் ரமோனுக்கு.

ஆகவே, செயற்குழுவினரே, பொன்னாடையைத் தாராளமாக நஞ்சுண்டனுக்கே போர்த்துங்கள். அந்த வீட்டில் ஆறு மாதமும் ஆட்டத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நாங்கள் பேப்பர் பார்த்தோம். போர்த்திவிட்டுக் கை குலுக்கும்போது அந்த வலது கை ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் கவனியுங்கள். என் கிரீன் கார்டை ஒரே அழுத்தில் அழித்த விரல் அது. அழித்ததை எனக்குச் சொல்ல ஜலஜா அக்கா மூன்று நாள் முயன்றும் முடியாமல் போனதற்கு மட்டும் அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஏற்பாடு என்னுடையது.

விழாவுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். நான் டிப்ளாய்மென்டில் இருப்பதாகச் சொல்ல இப்போது ஆளும் இல்லை, ஆபீசும் இல்லை.