நம்பர் போட்ட தவளைக்காடு

அன்புள்ள குணபூசணி அக்காவுக்கு,

மஸ்கெலியாவில் மழையும் நானும் வழமைபோல. யாழ்ப்பாணத்து வெயிலில் உங்கள் முழங்கால் சற்று இளகியிருக்கும் என நம்புகிறேன். ‘நகமளவு தவளை இல்லாமல் போனால் உலகம் நின்றுவிடுமா?’ என்று போனில் கேட்டீர்கள். விலங்கியல் படித்தும் எனக்குப் பதில் தெரியாது. நின்றுவிடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலைக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு துண்டுக் காடு மிஞ்சியிருக்கிறது. அங்குள்ள புதர்த்தவளை தண்ணீரில் முட்டையிடாது. ஈரச் சருகுக்கடியில் இடும், தலைப்பிரட்டையாகாமல் நேரே குட்டித் தவளையாகவே வெளியே வரும். புதரை வெட்டினால் சருகு காயும், தவளையின் கதையும் முடியும். வெட்டித் தேயிலை நடப்போவதாகத் தோட்டத்தில் பேச்சு. நான் தவளை பார்க்கும் இடத்துக்கு அடையாளமாக ‘11ஏ’ என்று எழுதி ஒரு தகரப் பலகை நட்டிருந்தேன். இங்கே ‘மலை’ என்று சொல்லும் ஒவ்வொரு தேயிலைப் பகுதிக்கும் நம்பர் உண்டென்பது என் மண்டையில் ஏறவில்லை. வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு விஜிதரன் ஊருக்குப் புதியவர். பலகையைக் கண்டு அதுவும் ஒரு மலை என்று நம்பி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொழிலாளிகள் வீரம்மாவையும் சண்முகவடிவையும் அங்கே கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்.

“அங்க ஒரு தேயிலச் செடிகூட இல்லைங்கய்யா.”

“நம்பர் இருக்குல்ல? நல்லாத் தேடுங்க, இருக்கும்.”

அன்றுமுதல் இருவரும் தினமும் போய் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காடு வெட்ட வந்தவர்களை, ‘இது நம்பர் மலை’ என்று கண்டாக்கே திருப்பி அனுப்பினார். கஷ்டமா என்று வீரம்மாவைக் கேட்டேன். “அட்டை கடிக்குதுங்க டீச்சர். கண்டாக்கு கடிக்கிறதுக்கு அது பரவாயில்ல.”

நான் வாய் திறக்காமல் சந்தோஷமாக இருந்தேன். இப்போது, நம்பர் இருந்தும் கொழுந்து வராத மலையில் புதுத் தேயிலைக் கன்று நடச்சொல்லித் தோட்டத்தை நடத்தும் துரை உத்தரவு போட்டுவிட்டார். நாளை கன்றுகளோடு லொறி வருகிறது. ஆகவே காலையிலேயே போய், பலகை என்னுடையது, அங்கே இருப்பது தவளை என்று சொல்லிவிடப் போகிறேன். எனக்குப் பொய் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி இருக்கட்டும்.

தங்கை,
ஜெயந்தினி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நல்லதாயிற்று. இன்று காலை போனபோது ஓடைக்கரையில் பலகை இல்லை. பாதையோரம் மண் சரிந்து மொட்டையாய்க் கிடந்த மேட்டில் நின்றது. அதைச் சுற்றிக் கன்றுகள் நட்டுக்கொண்டிருந்தார்கள். “அந்தக் காட்டுக்குள்ள நட்டா காலமெல்லாம் நாங்கதான அட்டைக்கு ரத்தம் குடுக்கணும்?” என்று சண்முகவடிவு என் காதருகே சொன்னாள். கண்டாக்கு தலையைச் சொறிந்தபடி வந்தார். “டீச்சர், இந்தப் பலகை நேத்தும் இங்கதானே இருந்துச்சு?”

“இங்கேதான்” என்றேன். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஒரு கன்று நட்டேன்.