வண்டி நடுங்குகிறது, நீ வர வேண்டாம்

ஸ்பானரும் கையுமாகத் திரியும் அருமை அக்காவுக்கு, உன் ஒரே தங்கை, வீட்டார் வாயில் ‘வாலு’, வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மா நலம். தான் நலமாக இருப்பதாக அப்பா யாரும் கேட்காமலே காலையும் மாலையும் அறிவித்துக்கொண்டிருக்கிறார். நலமில்லாத ஒரே ஜீவன் நம் பழைய பிக்கப் வண்டிதான்.

நீ அந்த ஊர் எஞ்சின் பட்டறை வேலைக்குக் கிளம்பிய அன்று, “போறவ போகட்டும், அவ இல்லாம இந்த வண்டியை எனக்குப் பார்த்துக்கத் தெரியாதா?” என்று அப்பா வாசலில் நின்று சொன்னாரே, நினைவிருக்கிறதா? நாலு மாதமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் அவர் தன் வீறாப்பைக் காப்பாற்றிக்கொண்டார். வண்டியால்தான் காப்பாற்ற முடியவில்லை. பன்னிரண்டு நாளாக அதற்குக் குளிர் ஜுரம். ஸ்டார்ட் செய்தால் நிற்கும் இடத்திலேயே நடுங்குகிறது. கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு லாரி மூன்றாகத் தெரிகிறது. டேஷ்போர்டுப் பெட்டி தானாகத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் என் மடியில் கொட்டிவிட்டு, தானாகவே மூடிக்கொள்கிறது. மேட்டில் ஏறும்போது இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை ‘டமார்’ என்கிறது. சிக்னலில் பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் பயந்துபோய், சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடைபாதையில் ஏறிக்கொண்டார். போன செவ்வாய்க்கிழமை நம் ஹார்ட்வேர் கடையிலிருந்து இரண்டு டின் வெள்ளைப் பெயிண்ட் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தது ஒன்று. இன்னொன்று ஆடிய ஆட்டத்தில் மூடி கழன்று, வழி முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. எங்களைத் தேடி யாரும் வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

எல்லார் பார்வையும் முதலில் என் மேல்தான் விழுந்தது. ஒரே ஒரு தடவை, விளையாட்டாக, சைலன்சருக்குள் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்தேன். அது மூன்று வருஷத்துக்கு முந்தைய பழம். இன்னும் அதையே பிழிந்துகொண்டிருந்தால் எப்படி? “உண்மையைச் சொல்லு வாலு, என்னத்தை எங்க அடைச்சு வச்ச?” என்றார் அப்பா. “இந்தத் தடவை சத்தியமா நான் இல்லப்பா” என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை.

சரி, வேறு மெக்கானிக்கிடம் விடலாம் என்றால் அப்பா விடவில்லை. “அவ கை பட்ட எஞ்சின்ல கண்டவன் கை வைக்கிறதா?” என்கிறார். அந்த ‘அவ’ யார் என்று கேட்டால் முறைக்கிறார். கடைசியில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யும் எதிர்வீட்டு மாமாவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அவர் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். நானும் மரியாதையாக நாக்கை நீட்டி நின்றேன். பிறகு எஞ்சினில் வரிசையாக இருக்கும் நாலு ஸ்பார்க் பிளக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். “நடுவுல ரெண்டு மட்டும் பெட்ரோல்ல நனைஞ்சிருக்குங்க. ஓரத்து ரெண்டும் நல்லா இருக்கு” என்று கண்டுபிடித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, “அது தண்ணி மோட்டார்ல வர்றதில்லைங்க” என்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா தன் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துவந்து, “என் மெஷின் இதுக்கெல்லாம் கேட்கும்” என்று கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் இரண்டு சொட்டு விட்டாள். இப்போது கதவு சத்தமில்லாமல் திறக்கிறது. நடுக்கம் அப்படியே இருக்கிறது.

இதற்கெல்லாம் முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கடையில் திருகாணிகளை அளவு வாரியாக அடுக்கி முடித்த கையோடு, அப்பா வண்டியின் பானெட்டைத் திறந்து உள்ளேயும் துடைத்து ஒழுங்கு செய்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

“அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கட்டுமாப்பா?” என்றேன். “போன் போட்டா நான் போடச் சொன்ன மாதிரி ஆயிடும். லெட்டரா எழுது” என்றார். ஆகவே எழுதுகிறேன். நோய் என்ன, மருந்து என்ன என்று மூன்று வரியில் பதில் போட்டால் போதும். இதற்காக நீ வர வேண்டாம். வர வேண்டிய அவசியம் இல்லை. இல்லவே இல்லை. (மூன்று முறை எழுதச் சொன்னது யார் என்று உனக்குத் தெரியும்.)

அம்மாவின் ஆசிகள் ஒரு மூட்டை. உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். கனைத்தார். அந்தக் கனைப்பையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பத்திரமாகப் பெற்றுக்கொள்ளவும்.

உன் நீலச் சட்டையை இப்போது போட்டுக்கொண்டிருக்கும்,
வாலு

பி.கு.: மேலே உள்ளதை அப்பா படித்துவிட்டு, “ஓவரா எழுதுற” என்றார், ஆனால் ஒரு வரியையும் அடிக்கவில்லை. உறையை ஒட்டுவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் நோயை நானே கண்டுபிடித்துவிட்டேன். பானெட்டின் உள்பக்கம் நீ சிவப்பு நகப்பூச்சால் எழுதிவைத்திருக்கிறாயே, “நடு வயர் ரெண்டும் குறுக்கேதான் போகணும். யாரும் நேராக்காதீங்க, முக்கியமா அப்பா” என்று! அதை அப்போதுதான் பார்த்தேன். அப்பா துடைத்த அன்று, சிக்கலாகக் கிடக்கிறதே என்று நடு பிளக்குகளுக்குப் போகும் அந்த இரண்டு வயரையும் இடம் மாற்றி அழகாக நேராக்கிவிட்டிருக்கிறார். நான் பழையபடி மாற்றினேன். பட்டு மாதிரி ஓடியது. காலையில் அப்பாவை அசத்தலாம் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று காலை அப்பா ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் அதே நடுக்கம். திறந்து பார்த்தேன். வயர் இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. பக்கத்தில் பாட்டரி மேல், எழுத்துப் படிக்க மட்டும் அப்பா போடும் மூக்குக்கண்ணாடி கிடந்தது. சத்தம் போடாமல் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தவர், விரலில் எஞ்சின் கரியோடு, “பாரு, அவ வந்தாத்தான் சரியாகும்போல” என்றார். முகத்தில் என்ன ஒரு நிம்மதி!

அதனால் பதில் எழுதித் தொலைக்காதே. கிளம்பி வா. வந்ததும் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடாமல், ஒரு அரை நாளாவது தேடு.